கரைவலை வாய்

எங்கள் ஊரான சாய்ந்தமருதின் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைத் திட்டித்தான் வேலை வாங்குவது என் வழக்கம். ஒருவரும் கோபிப்பதில்லை. சவூதிக்குக் கட்டுமான வேலைக்குப் போய், அங்கே ஆட்களை மேய்க்கும் ஃபோர்மனானபோதும் அதே வாய்தான். கிரேனில் தொங்கிய இரும்புக் குழாயைக் கயிற்றால் பிடித்திருந்த தாய்லாந்துக்காரரைப் பார்த்து, "இழுடா மடையா!" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். மொழி புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்கும். கயிற்றை விட்டுவிட்டு நடந்துவிட்டார். குழாய் சுழன்று என் காதோரமாகப் போனது. அல்லாஹ் காப்பாற்றினான். பிறர் முன் திட்டு வாங்குவது தாய்லாந்துக்காரர்களுக்குப் பெரிய அவமானமாம், அதற்குமேல் அங்கே நிற்கவே முடியாதாம். அவருடைய கூட்டாளி பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து எதையும் கிட்டப் போய் மெதுவாகத்தான் சொல்கிறேன். ஊர் திரும்பி, வலை இழுப்பவர்களிடமும் அப்படியே மெதுவாகச் சொன்னேன். ஒருவரும் இழுக்கவில்லை.

"என்ன காக்கா, உடம்புக்கு ஏலாதா?" என்று மூத்த அண்ணனிடம் கேட்பதுபோல் அக்கறையாகக் கேட்டார்கள்.

"ஓம்" என்று தலையாட்டிவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டேன்.