அம்மாவுக்காக வாங்கிய கஷாயப் பொடி

மழையில் பிடித்த இருமல் மூன்று வாரமாகியும் என்னை விடவில்லை. சிங்கப்பூரில், பூன் லே பக்கம் ஒரு பார்மசியில் மருந்து கொடுப்பதுதான் என் வேலை. எங்கள் கடையின் இரண்டு சிரப்புகளும் இந்த இருமலிடம் தோற்றுப்போயின.

இன்று லீவு. யாருக்கும் தெரியாமல் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், சித்தரத்தையும் அதிமதுரமும் கலந்த பொடி கேட்டேன். மாஸ்க் போட்டிருந்தும் இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னம்மா, நீங்களா?"

திரும்பினால் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் செல்வி அக்கா. போன வாரம்தான், "கஷாயத்தையெல்லாம் நம்பாதீங்கக்கா, டைம் வேஸ்ட்" என்று அவருக்குக் கால் மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன்.

"எங்க அம்மாவுக்கு வாங்குறேன்க்கா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாறு முறை இருமிவிட்டேன்.

"பாவம்லா உங்க அம்மா. ரொம்ப இருமுறாங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொட்டலம் கட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

பழக்கதோஷம். "பின்னாடிக்கா, ரெண்டு வேளை" என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

இப்போது டம்ளர் என் முன்னால் இருக்கிறது. வாடையே தாங்கவில்லை. இதை எப்படி விழுங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு அக்கா கவுண்டருக்கு வந்து நலம் விசாரிப்பதற்குள் எனக்கு இருமல் நின்றாக வேண்டும்.