கை சொன்ன சூடு

மயிலாப்பூரில், சாந்தோம் கடற்கரையை ஒட்டிய சந்தில் எங்கள் ரொட்டிக் கிடங்கு இருந்தது. கிடங்கு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு செங்கல் அடுப்பு, மாவு பிசையும் தொட்டி, நான், என் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

சவுக்குக் கட்டையை அடுப்புக்குள் எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல்லில் தங்கிய சூட்டில்தான் எல்லாம் வேகும். சூடு பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி அவருடைய வலது கை. முழங்கைவரை உள்ளே நீட்டிக்கொண்டு, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை முணுமுணுப்பார். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டால் அது ரொட்டிச் சூடு. முழுக்கச் சொல்லும்வரை தாங்கினால் பன்னுக்கு. இரண்டாவது தடவையும் சொல்ல முடிந்தால் கேக், பிஸ்கட். ரஸ்குக்குக் கையே வேண்டாம், ஆறுகிற அடுப்பில் போட்டு மறந்துவிடலாம். அடையாறு பங்களா பட்லர்கள் எங்களைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கை இருக்கிறவரை சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று இருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் ரொட்டி தீய ஆரம்பித்தது. மேலே கரி, உள்ளே பச்சை மாவு. அடுப்புத் தளம்தான் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்கிறது என்று இருவரும் முடிவு கட்டினோம். மாம்பலத்தில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம், கொத்தனார் கிடைப்பது குதிரைக் கொம்பு. எப்படியோ ஒருவரைப் பிடித்து வந்து தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டோம். அப்புறமும் கரிதான். கண்ணேறு என்று சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்தோம். அடுப்பு அதற்கும் அசையவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கேக் தட்டுகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் கையை உள்ளே விட்டு நிதானமாக மந்திரம் சொல்லி முடித்து, மறுபடி ஆரம்பித்தார். எனக்கோ அங்கே நிற்கவே முகம் பொசுங்கியது. மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. தட்டுகளைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். புறங்கை முழுக்கக் கொப்புளம்.

"எரியலியா?" என்று கத்தினேன்.

"சூடே ஏறலியே. நீ இன்னாத்துக்கு இழுக்கற?" என்றார்.

வைத்தியர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரலிலும் மணிக்கட்டிலும் ஊசியால் குத்தினார். எப்போது குத்துவார் என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த ஒரு தேமலை அடுப்புத் தழும்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது பெருவியாதி.

பிறகு காகிதத்தை அடுப்புக்குள் போட்டு, அது எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்து நானே சூடு கண்டேன். ரொட்டி பொன்போல வந்தது. என்ன பிரயோஜனம்? வியாதி சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. பட்லர்கள் எதிர்ச்சாரியில் நடந்துபோனார்கள். அவர்கள் மேல் வயிறெரிந்தேன். ஆனாலும் அந்த ரொட்டியை நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அடுப்பை அணைத்தோம். அவர் கை மரத்துப்போவது முழங்கையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியில் அவரைக் கொண்டுபோய் விட ஒரு ஜட்காக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். போனவர்கள் திரும்புகிற இடமில்லை அது. இருவருக்கும் அது தெரியும். சந்து திரும்பும்போது அவர் கழுத்தை நீட்டி எங்கள் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு வந்தார். அது மறைந்த பிறகும் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள, கொஞ்சம் என் கையப் புடிச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

வண்டி ஏறியதிலிருந்தே அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.