ஜன்னல் வழியே கொடுத்த தைலம்

சுதந்திரம் வந்த புதிதில், ராயபுரத்தில் ஒரு டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். பெரம்பூர் வரை மீன்கூடை சுமக்கும் அம்மாள் ஒருத்தி முட்டிவலி என்று வருவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். குழாயடியில் கையை நாலு தடவை கழுவிவிட்டுத்தான் வருவாள். அப்படியும் மீன்வாடைக்கு முகம் சுளித்து, டாக்டரிடம் விடாமல், ஒரு வருஷம் ஜன்னல் வழியாகவே தைலம் கொடுத்தனுப்பினேன்.

ஒருநாள் அவள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து டாக்டரே உள்ளே கூப்பிட்டார். படுக்கவைத்துக் காலைத் திருப்பியதும் அலறிவிட்டாள்.

"கோளாறு முட்டியில இல்லேம்மா. இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, வலிதான் முட்டியில தெரியுது. இத்தனை நாள் ஏன் என்கிட்ட வரல?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் வரல டாக்டரு. கூடைய வுட்டுட்டு எங்க வர்றது? இந்த நைனா கூப்ட்டுகினேதான் இருந்தாரு."

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.