கண் கிளினிக்குக்குப் போன நாள்

கண்ணுக்கு மருந்தெடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வாகரையில் பஸ் ஏறினாள். எனக்கு ஒன்பது வயது. கிளினிக்குக்குப் போகிறவள் எதற்குக் கல்யாணச் சேலையை உடுத்தியிருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். போதாததற்கு, கைப்பையிலிருந்து பேப்பர்த் துண்டொன்றை எடுத்துப் பார்ப்பதும் நான் திரும்பினால் மடித்து வைப்பதுமாக இருந்தாள்.

மட்டக்களப்பில் இறங்கியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. வாவிக்கரை மண்டபமொன்றுக்குள் நுழைந்தோம். அந்த ஊரில் பிறந்து வெளிநாட்டில் பெரும் பெயர் எடுத்த ஓவியர் ஒருவரின் படங்களை அங்கே மாட்டியிருந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கடந்துபோய், அந்தப் பேப்பர்த் துண்டில் அச்சாகியிருந்த ஒரு படத்தின் முன் நின்றாள். தோணியில் வலையோடு ஒரு வாலிபன். நெற்றியில் தழும்பு.

"இது ஆர் தங்கச்சி?" என்று அங்கு நின்ற பெண்ணிடம் கேட்டாள்.

"ஓவியரோட கூடப் படிச்ச சிநேகிதராம் அக்கா."

அம்மா கையை நீட்டி அந்தத் தழும்பைத் தடவினாள். "ஐயோ, தொடாதீங்க!" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரோ ஒரு ஆம்பிளைக்காக அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

பின்னேரம் அப்பா கடலால் வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். சண்டை வரும் என்று பயந்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

"நெத்தியில தழும்பு இரிந்ததா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "மகள், அது உன்ட மாமா, அம்மாட கூடப்பிறந்தவர். நாட்டில சண்டை நடக்கக்குள்ள கடல் தொழிலுக்குப் போனவர், திரும்பி வரல்ல. வீட்டில கிடந்த அவர்ர படமெல்லாம் சுனாமி கொண்டு போயிற்று. தேடித் தேடி உன்ட அம்மா படுக்கையில விழுந்த பிறகு, இனிப் போகவேணாமெண்டு நான்தான் மறிச்சிருந்தன்."

மறுநாள் அப்பாவே மட்டக்களப்புக்குப் போய், அந்தப் படத்தைப் போனில் எடுத்து, பிரேம் போட்டுக்கொண்டு வந்தார். கதிரையில் ஏறிச் சுவரில் மாட்டி, வாங்கி வந்த மாலையைப் போடக் கையைத் தூக்கினார்.

"மாலை போடாதீங்க!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மாலையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்குப் போட்டாள். அப்பா கதிரையை விட்டு இறங்கினார்.

இவ்வளவு செய்த மனிதரிடம் ஒரு மாலைக்காக ஏன் இப்படிக் கோபப்படுகிறாள் என்று அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவில்லை. மாலை யாருடைய படத்துக்குப் போடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.