சோப்பாய்ப் போன கை

எங்கள் பக்கத்தில் மச்சான் மாப்பிள்ளையை அடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார். அப்படி மரியாதையாக மிதி வாங்கியவன் நான்.

கிணத்துக்கடவுக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை. நானும் என் மனைவியின் அண்ணனும் அங்கே தேங்காயெண்ணெய் சோப்பு போடுகிறோம். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் கிண்டினால் சோப்பு. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

அன்றைய சண்டை மஞ்சளால் வந்தது. சோப்பில் கஸ்தூரி மஞ்சள் போடலாம் என்றேன். மச்சான் கூடாதென்றார்.

“மாப்ள, கரண்டியைக் கீழ வைங்க.”

“முடியாதுங்க மச்சான்.”

“வெக்கலீனா பல்லைப் பேத்துப்போடுவனுங்க.”

“பேத்துத்தான் பாருங்களே.”

பேர்த்துவிட்டார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கரண்டியால் அவர் தோளில் ஒரு போடு போட்டேன். அவர் என்னைத் தூக்கி எறிந்தார். நான் போய் விழுந்த இடத்தில் காஸ்டிக் வாளி. வலது கை முழங்கைவரை நனைந்தது.

முதலில் வலியே இல்லை. கை வழவழவென்று இருந்தது. தேய்த்துப் பார்த்து, “சோப்பு நல்லா வந்திருக்குதுங்க மச்சான்” என்று இளித்தேன். இளித்து முடிப்பதற்குள் தோலுக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகின மாதிரி எரிந்தது.

எங்கள் ஊரில் எது சுட்டாலும் மருந்து தேங்காயெண்ணெய்தான். எண்ணெய் டின்னைப் பார்த்து ஓடினேன். மச்சான் பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து இழுத்தார். சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைத்து அவர் வயிற்றில் உதைத்தேன். அவர் என் காலை வாரிவிட்டு, தரதரவென்று போர்வெல் குழாய்வரை இழுத்துப் போய், மோட்டாரைப் போட்டார். பிறகு என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்கடியில் அமுக்கினார்.

“உடுங்க! எண்ணெய் ஊத்தோணும்!”

“தண்ணிதானுங்க ஊத்தோணும்! காஸ்டிக் சாக்குலயே எழுதியிருக்குதுல்ல!”

“நானென்னத்தைப் படிச்சேன்!”

அவர் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தது. இன்னொரு கையால் கன்னத்தில் அறைந்தார். என் கையை மட்டும் விடவேயில்லை. தோப்பு வாய்க்கால் நிரம்பி ஓடியபிறகுதான் இறங்கினார்.

“எங் கை இருக்குமுங்களா?” ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். “ஒடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க. ஒவ்வொண்ணைச் சுத்தியும் கொழுப்புல ரெண்டு அடுக்காட்ட மெல்லிசா ஒரு தோல். அதுல வாசல் வெச்சிருக்குது. உப்போ சக்கரையோ, அது உட்டாத்தான் உள்ள வரும், வெளிய போகும். காஸ்டிக் அந்தக் கொழுப்பைச் சோப்பாக்கிப்போடும். தோல் போச்சுன்னா உள்ள இருக்கறதெல்லாம் கொட்டி, செல்லு செத்துரும். வழவழன்னு இருந்துச்சுன்னீங்கல்ல? அது நீங்கதானுங்க.”

என்னையே சோப்பாக்கி நானே தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.

“கொழுப்பு இவருக்கு நெறையங்க டாக்டர், பயமில்லை” என்றார் மச்சான்.

“ஒடனே கழுவுனதால கை தப்புச்சு. எண்ணெயத் தடவிட்டு வந்திருந்தா எடுக்க வேண்டியிருந்திருக்கும்” என்ற டாக்டரம்மா, மச்சானின் மணிக்கட்டைப் பார்த்தார். “இதென்னுங்க, நாய் கடிச்சுதா?”

“மாப்பிள்ளைங்க.”

அவருக்கும் ஊசி போட்டார்கள்.

என் கை திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. ஆனால் கரண்டி பிடிக்கிறது. மச்சான் மணிக்கட்டில் என் பல்வரிசை அப்படியே தழும்பாக நிற்கிறது. நடுவில் ஒரு பல்லுக்கு மட்டும் இடம் காலி. அது அவர் பேர்த்த பல்.