தம்பதிகள் தள்ளி நிற்கவும்

கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருடம் முடிந்ததற்கு மகள் எங்களுக்கு ஒரு பயணம் வாங்கித் தந்தாள். ஒரு சோடிக் காப்பு வாங்கித் தந்திருந்தால் கையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். அவள் ஒட்டாவாவில் இருந்தபடி இணையத்தில் தேடி, மொன்றியலில் பஸ் ஏற்றி வடக்கே கொண்டுபோய், வடதிசை வானத்தில் தோன்றும் பச்சை வெளிச்சத்தைக் காட்டும் பயணம் ஒன்றைப் பிடித்திருந்தாள். வெறுமனே பார்த்துவிட்டு வருவதல்ல. போகிறவர்கள் தொண்டர்களாக ஆராய்ச்சிக்கும் உதவ வேண்டும். பகலில் பனியின் ஆழத்தை அளக்க வேண்டும்; இருட்டிய பிறகு வானத்தில் கண்டதைத் தாளில் குறிக்க வேண்டும். "அப்பாக்கு அந்த வெளிச்சத்திலை எவ்வளவு ஆசை எண்டு எனக்குத் தெரியாதே அம்மா?" என்றாள்.

ஆசை உண்மைதான். என் கணவர் டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவர். ஒரு குளிர்காலத்தில், வேலை முடியும் நேரம், ஓடுபாதைக்கு அப்பால் வானம் பச்சையாகக் கிடந்ததைக் கண்டாராம். வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். நானும் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையலறையில் தட்டு அடுக்கியவள்தான். எனக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததில்லை.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. இருந்த ஒரே காரணத்தை ஒன்றரை வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவருக்கு மறதி வந்துவிட்டது. வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதியல்ல. காலையில் சவரம் செய்து, முகம் துடைத்து, துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடி முதலில் இருந்து சவரம் செய்யத் தொடங்குகிற மறதி.

மறைப்பதில் எனக்கு நல்ல கை. ஆட்கள் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். கார்ச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவருக்கு முழங்கால் வருத்தம் என்றேன். எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கிறவர் அவர். சுவாமியாரிடம் போய், இவருக்குப் பார்வை குறைந்துவிட்டது, பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். ரொக்ஸ்பரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், வீட்டுக்காரரைப் பார்த்து "அப்பு எங்கை, காணேல்லை?" என்று கேட்டுவிட்டார். அப்பு என்பது வீட்டுக்காரரின் தகப்பன்; அவருடைய செத்தவீட்டில் சவப்பெட்டி தூக்கியவர்களில் இவரும் ஒருவர். கூடத்தில் இருந்தவர்கள் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். "இவருக்கு இப்ப பகிடி கூடிப்போச்சு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்கம் கொஞ்சம் இருந்தது. பயம்தான் அதிகம். தெரிந்துவிட்டால் ஆட்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். அவர் கதிரையில் இருந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகாததற்கு எனக்கு ஒரு சாக்கும் இருந்தது. பின்னேரங்களில், மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் செபமாலை சொல்லுவோம். 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்லுவார். மற்றப் பாதியை நான் சொல்லி முடிப்பேன். மாலையின் ஒரு மணிகூட அவருக்குத் தவறாது. செபமாலை பிழைக்காத மனிதனுக்கு என்ன வருத்தம் இருக்க முடியும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆகவே போனோம். விடியப் புறப்பட்ட பஸ் இருட்டும் நேரத்தில் உறைந்த ஏரிக்கரையில் இருந்த ஒரு மரவீட்டில் எங்களை இறக்கியது. மொத்தம் பதினாலு பேர். மற்றவர்கள் எல்லோரும் இந்த நாட்டுக்காரர்கள், அநேகர் ஓய்வு பெற்றவர்கள். வழிகாட்டி ஓர் இளம் கியூபெக் பெண், ஆராய்ச்சியும் அவளுடையதுதான். சூப் குடித்த பிறகு மேசையில் தாள்களைப் பரப்பி விளக்கம் சொன்னாள். கமராவுக்குத் தெரிகிற நிறம் வேறு, மனிதக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் வேறு; எங்களுக்குக் கண்ணில் பட்டதுதான் வேண்டும், ஆகவே தொலைபேசியை எடுக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதுவேன், அப்போது உங்கள் கட்டத்தை நிரப்புங்கள். வெளிச்சம் இல்லையென்றால் பூச்சியம் போடுங்கள். வெறுமையாக விடாதீர்கள், வெறுமை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பேனா உறைந்துவிடும் என்று எல்லோருக்கும் பென்சில் தந்தாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். கணவன் மனைவி சேர்ந்து நிற்கக் கூடாது. நாற்பது அடி தள்ளி, வேறு ஆளோடு நிற்க வேண்டும். வாய் திறக்கவும் கூடாது. "நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவர் பதிலை மற்றவர் எழுதிவிடுவார்கள்" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் கையை உயர்த்தினேன். என் கணவருக்குப் பிரெஞ்சு காணாது, நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றேன். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கோ? எனக்குப் பிரெஞ்சு காணாதோ? உமக்குத்தானப்பா காணாது!"

அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் திரும்பி, டோர்வலில் இருபத்தெட்டு வருடம் பேசிய அதே பிரெஞ்சில் சுகம் விசாரித்தார். அந்த அம்மா மகிழ்ந்துபோய், இவரை என்னோடு விடுங்கள் என்றாள். நான் உயர்த்திய கையை இறக்கினேன்.

அடுத்த நாள் பகலில் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியை அளவுகோலைப் பிடிக்க, இவர் பனிக்குள் இறக்கினார்; அவள் எண்ணை வாசித்து எழுதினாள். இவர் கன்னம் சிவந்து சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷமாக நின்றார். அன்று இருட்டிய பிறகு வானம் முழுக்க முகில். பதினாலு பேரும் ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை பூச்சியம் போட்டோம். உள்ளே வந்ததும் நான் முதல் வேலையாக இவருடைய தாளைப் பார்த்தேன். மேலே இருந்து கீழே வரை அழகான பூச்சியங்கள். ஒன்றும் பிழையில்லை. "பாத்தியே, நீ தேவையில்லாமல் பயந்தனீ" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன். எல்லோரும் பூச்சியம் போடுகிற நாளில் யாருக்குப் பிழை வரும் என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

மூன்றாம் நாள் வானம் துடைத்து விட்டது போல் இருந்தது. குளிர் மைனஸ் முப்பது. எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, மரங்களுக்கு மேல் ஒரு சாம்பல் கோடு எழும்பியது. முகில் என்றுதான் நினைத்தேன். அது அசைந்தது. பிறகு பச்சையானது. பக்கத்தில் நின்றவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. விசில் ஒலித்தது. பென்சிலைத் தாளில் வைத்தேன்.

அப்போதுதான் அவர் கூப்பிட்டார்.

"இஞ்சேரும்!"

இருட்டுக்குள் நாற்பது அடி தள்ளி, அவருடைய குரல்.

"இஞ்சேரும்! எங்கை நிக்கிறீர்?"

நான் போகவில்லை. இதை எழுதும்போதும் என் கை நின்று நின்றுதான் நகருகிறது. நான் போகவில்லை. வாய் திறக்கக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். விதியா எனக்குப் பெரிது? நான் போய் அவருடைய கையைப் பிடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நின்றேன். கூப்பிடுகிறவர் என் புருசன் என்று தெரிந்துவிடுமாம். அந்தப் பதினாலு பேரில் வேறு எந்தத் தமிழன் இருந்தான்?

மூன்றாம் முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு செபம் தொடங்கினார். "அருள் நிறைந்த மரியே" என்று எடுத்து, முதல் பாதியைச் சொல்லி, வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். மற்றப் பாதி என்னுடையது. அவர் காத்திருந்தார். பதில் வரவில்லை. ஒருவேளை தான்தான் பிழையாகச் சொன்னேனோ என்று நினைத்திருப்பார். மறுபடி தொடக்கத்தில் இருந்து, இன்னும் திருத்தமாகச் சொன்னார். நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி தொடங்கினார். ஆறு தரம். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். என்னுடைய பாதி என் வாய்க்குள்தான் இருந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே வைத்திருந்தேன்.

தலைக்கு மேல் வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நெளிந்து நெளிந்து உச்சி வரை வந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்துக் கட்டங்கள் என் தாளில் வெறுமையாக இருக்கின்றன.

ஆசிரியைதான் அவரைக் கையில் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கை கிளவ்ஸ் இல்லாமல் விறைத்திருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவள் என்னோடு மெதுவாகப் பேசியதில் தெரிந்தது. "தேடினார், மதாம்" என்றாள். அவ்வளவுதான். நான் அவருடைய கையை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தேய்த்தேன்.

"நீர் வீட்டை போயிட்டீர் எண்டு நினைச்சன்" என்றார்.

காலையில் நாங்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வழிகாட்டி தாள்களோடு வந்து என் எதிரே அமர்ந்தாள். இவருடைய தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை ஒரே சீராகப் பூச்சியம். இவரும் நானும் எட்டரைக்கு முன்பே உள்ளே வந்துவிட்டோம். இன்னும் வராத நேரத்துக்கும் இவர் முந்திய நாள் போலவே பூச்சியம் போட்டு முடித்திருந்தார்.

அவள் நல்ல பிள்ளை. குற்றம் சொல்லவில்லை. சிலருடைய கண்ணுக்கு இந்த வெளிச்சம் உண்மையாகவே தெரியாது, என்றாள். அப்படியென்றால் இந்தத் தாள் எங்களுக்குப் பெறுமதியானது, வைத்துக்கொள்வோம். வேறு காரணம் என்றால் எடுத்துவிட வேண்டும். "உங்களுக்குத்தான் தெரியும், மதாம்."

கண் என்று சொல்லியிருக்கலாம். சுவாமியாருக்குச் சொன்ன அதே பொய், கையோடு தயாராக இருந்தது. தாளும் தப்பியிருக்கும், நானும் தப்பியிருப்பேன். வாயைத் திறந்தேன். ஆறு தரம் கேட்டும் திறக்காத வாய், இப்போது பொய்க்கு மட்டும் எவ்வளவு சுகமாகத் திறக்கிறது என்று எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"எடுத்துவிடுங்கள்" என்றேன். "கண் இல்லை. ஞாபகம்."

அந்த ஒரு சொல்லை ஒரு மனிதருக்கு முன்னால் நான் சொன்னது அதுதான் முதல்முறை. தமிழில் சொல்ல வேண்டியிருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தாளின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். இவர் பட்டர் பூசிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏன் வெட்டுறா?"

"பிழையாம்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

"நீர் சொன்னாச் சரியாத்தானிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பாணை எடுத்துக் கடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். பனி, மரம், பனி, மரம். பாதி வழியில் என் கையைத் தட்டி, "எப்ப அந்த வெளிச்சம் பாக்கப் போறம்?" என்று கேட்டார். ஆவலாகக் கேட்டார். போகும்போது பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

"பேந்து பாப்பம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். மொன்றியல் வரும் வரை நான் செபமாலையைக் கையில் வைத்திருந்தேன், சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்து கழற்ற முதலே மகள் போன் எடுத்தாள். இவர்தான் தூக்கினார். சத்தமாகக் கேட்கும் பொத்தானை நான் அமத்தினேன். அவளுக்கு ஆசை தாங்கவில்லை. "அப்பா, கண்டனீங்களோ? எப்பிடி இருந்தது?"

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். ஆனால் இவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"ஓம் பிள்ளை, நல்ல வடிவு. வானம் முழுக்கப் பச்சை. அம்மாவும் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவ, கையைப் பிடிச்சுக்கொண்டு. ரெண்டு பேரும் செபமாலை சொன்னனாங்கள்."

"ஐயோ அப்பா, கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்றாள் மகள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. அவருக்குள் அது அப்படித்தான் நடந்திருந்தது. நான் அப்படியே விட்டிருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் அது அப்படித்தான் நடந்ததாக இருந்திருக்கும். இன்னும் ஒரு வருடம் மறைத்திருக்கலாம். இரண்டு வருடமும் மறைத்திருக்கலாம். அதற்கிடையில் அவர் எங்கெங்கே நின்று என்னைக் கூப்பிட்டிருப்பாரோ.

போனை அவருடைய கையில் இருந்து வாங்கினேன். பொத்தானை நிறுத்தவில்லை; அவருக்கும் கேட்கட்டும்.

"பிள்ளை," என்றேன், "அப்பா சொன்னது பிழை. நான் பக்கத்திலை நிக்கேல்லை."