ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் ஜெயில் வாசலுக்கு ஒரு திங்கட்கிழமை

உள்ளே இருக்கும் பிள்ளையைப் பார்க்க முதன்முறையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எண்பத்திரண்டில், மாசி மாதம். தறிக் கூலியை உயர்த்தக் கேட்டு மறியல் செய்த என் மகன் பழனியைப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. காய்ச்சலாகக் கிடக்கிறான் என்றார்கள். எப்படி இருக்கிறான் என்று என் கண்ணால் பார்க்காமல் சோறு இறங்கவில்லை.

ஏழே காலுக்கு பஸ். சேலம் இருபது கிலோமீட்டர், அப்போது டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து ஜெயிலுக்கு முக்கால் மணி நேரம் நடந்தேன். ஒன்பது மணிக்கு வாசலில் இருந்தேன். பையில் கை முறுக்கு. தின்பண்டத்தை உள்ளே விடமாட்டார்கள், நீங்கள் சுமக்காதீர்கள்.

பிள்ளையைப் பார்க்க மனு கொடுக்க வேண்டும். வேப்பமரத்தடியில் ஒருவர் பெண்களுக்கெல்லாம் காசு வாங்காமல் மனு எழுதிக்கொண்டிருந்தார். கிட்டப் போனால், ராசு. வாய்க்கால் தகராறில் என் தம்பியின் இரண்டு விரல்களை வெட்டிவிட்டு ஏழு வருஷம் அதே ஜெயிலில் கிடந்தவன். விடுதலையான இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாரந்தோறும் வருகிறானாம்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். இருந்தும் திரும்பி வந்து வெயிலில் நின்றேன். அம்மாபேட்டைக்காரி ஒருத்தி, "மொறச்சுக்கிட்டே நின்னா கதவு தொறக்குமாக்கா?" என்றாள்.

பத்தே முக்காலுக்கு அவனே எழுந்து வந்தான்.

"பதினோரு மணிக்கு மனு வாங்கறத நிறுத்திருவாங்கக்கா. பையன் பேரச் சொல்லுங்க."

"என் தம்பியால இன்னைக்கும் சோத்தப் பெசைய முடியல. தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. ஏழு வருசத்துல என்னயப் பாக்க ஒருத்தரும் வரலீங்க. பையன் பேரு?"

சொன்னேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பழனி நின்றான். இளைத்திருந்தான், காய்ச்சல் விட்டிருந்தது. ஐந்தே நிமிடம். ஒன்பது மணிக்கே மனு கொடுத்தவர்கள் கால் மணி நேரம் பேசினார்களாம்.

வெளியே வந்ததும் ராசு இன்னொரு தாளை நீட்டினான். காத்திருக்கும் பெண்களுக்குக் கொட்டகையும் குடிதண்ணீரும் கேட்டு அதிகாரியைப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் என் கையெழுத்தையும் போட்டேன். அடுத்த திங்கள் அவர்கள் நாலு பேரும் முன்னால் நடக்க, நாற்பது பெண்கள் போனோம். பழனி வந்துவிட்ட பிறகும் நான் போனேன். மூன்றாம் மாதம் கொட்டகை வந்தது.

போகிறவர்கள் ரேஷன் கார்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதித் தருகிறவர் யாராக இருந்தாலும் நேராக அவரிடம் போங்கள். ராசுவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பழனியோடு பேசியிருக்க வேண்டிய பத்து நிமிடத்தை வெயிலில் நின்று தொலைத்தவள் நான், அவளையும் மன்னிக்கவில்லை.